படித்துப் பார்த்து அழுத்துங்கள்

கச்சிபௌலி

ஹைதராபாத் நகரின் மேற்குப் பக்கம் கச்சிபௌலி இருக்கிறது. தெலங்கானா மாநிலத்தின் ரங்காரெட்டி மாவட்டத்தைச் சேர்ந்த பகுதி அது. ஒரு காலத்தில் அங்கே பாறையும் வெட்டவெளியும்தான். 1974இல் ஹைதராபாத் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1998இல் ஐ.ஐ.ஐ.டி. என்ற தகவல் தொழில்நுட்பக் கல்வி நிலையம் வந்தது. அதே 1998இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஹைதராபாத்தில் தன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கியது. இன்று அதன் பெரிய வளாகம் கச்சிபௌலியில்தான் உள்ளது. சைபராபாத் காவல் ஆணையர் அலுவலகமும் அங்கேதான்.

கம்ப்யூட்டர் வேலைக்குப் பேர்போன ஊர் அது. அங்கே படித்த பொறியாளர்கள் மட்டும் இல்லை. கட்டட வேலை செய்பவர்கள், டீக்கடை வைத்திருப்பவர்கள், தையல்காரர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள் என்று எல்லாரும் இருக்கிறார்கள். இன்று இவர்களுக்கும் கம்ப்யூட்டர் தேவைப்படுகிறது. கடைக் கணக்கு, ரயில் டிக்கெட், பிள்ளையின் தேர்வு விண்ணப்பம், மின்கட்டணம் என்று பல வேலைகள் அதில் நடக்கின்றன.

ஆனால் கம்ப்யூட்டர் நிறுவனத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்தாலும், கம்ப்யூட்டருக்குத் தொல்லை வராது என்று சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி பக்கத்தில் குடியிருப்பவருக்கும் காய்ச்சல் வருகிறது அல்லவா? அந்தத் தொல்லைகளில் ஒன்றைப் பற்றியது இந்தப் பாடம்.

கேட்காமல் வரும் விளம்பரம்

சுவரில் விளம்பரம் ஒட்டுகிறார்கள். செய்தித்தாளில் விளம்பரம் போடுகிறார்கள். இணையத்தில் செய்தி படித்தாலும் ஓரத்தில் விளம்பரம் இருக்கும். அந்த இணையப் பக்கத்தை மூடினால் அதுவும் போய்விடும். அதனால் பெரிய கெடுதல் இல்லை.

ஆனால் சில விளம்பரங்கள் அப்படிப் போவதில்லை. கம்ப்யூட்டருக்குள் ஒரு புரோகிராம் குடியேறிவிடுகிறது. அது நீங்கள் கேட்காமலே விளம்பரங்களைக் கொண்டுவந்து கொட்டுகிறது. இதற்கு ஆட்வேர் என்று பெயர். தமிழில் விளம்பரப் புரோகிராம் என்று சொல்லலாம்.

அது உள்ளே வந்துவிட்டது என்பதை எப்படி அறிவது? இதோ சில அடையாளங்கள்.

• எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் புதிய விளம்பரப் பெட்டிகள் முளைக்கும்.
• கூகுள் போன்ற வழக்கமான முதல் பக்கம் மாறி, பெயர் தெரியாத வேறொரு தேடல் பக்கம் வரும். பழையபடி மாற்றி வைத்தாலும் மறுநாள் அதுவே வந்து நிற்கும்.
• திரையின் மூலையில் நாள் முழுவதும் அறிவிப்புகள் வரும். "பரிசு விழுந்தது", "வைரஸ் வந்துவிட்டது" என்று அவை சொல்லும்.
• கம்ப்யூட்டர் மந்தமாக ஓடும். இணைய டேட்டா சீக்கிரம் தீர்ந்துவிடும்.
• நீங்கள் போடாத புரோகிராம்களின் பெயர்கள் பட்டியலில் இருக்கும்.

இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் வேறு காரணமும் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இதில் யாருக்கு லாபம்?

விளம்பரத்தை ஒருவர் பார்த்தால் கொஞ்சம் காசு. அதன்மீது அழுத்தினால் இன்னும் கொஞ்சம் காசு. ஒருவரிடம் கிடைப்பது சில பைசாதான். ஆனால் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களில் புகுந்துவிட்டால்? சிறு துளி பெருவெள்ளம் ஆகிவிடும்.

காசு மட்டும் அல்ல, தகவலும் போகிறது. நீங்கள் எதைத் தேடுகிறீர்கள், எந்தப் பக்கத்தைப் பார்க்கிறீர்கள் என்று சில விளம்பரப் புரோகிராம்கள் குறித்துக்கொள்கின்றன. அந்தத் தகவலும் விலைக்குப் போகும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு புரோகிராம் உள்ளே வந்துவிட்டால், அது மற்றொன்றை உள்ளே அழைத்து வரலாம். முதலில் வருவது விளம்பரம். அடுத்து வருவது கடவுச்சொல்லைத் திருடும் புரோகிராமாக இருக்கலாம்.

2017இல் நடந்தது

2017 ஜூன் மாதம் ஒரு செய்தி உலகம் முழுவதும் பரவியது. செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் அந்தச் செய்தியை வெளியிட்டது. ஃபயர்பால் என்ற விளம்பரப் புரோகிராம் உலகில் 25 கோடிக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் புகுந்துவிட்டது என்று அது சொன்னது. ஃபயர்பால் என்றால் நெருப்புப் பந்து. இந்தியாவில் மட்டும் 2 கோடியே 53 லட்சம் கம்ப்யூட்டர்கள் என்று கணக்குக் காட்டியது. அந்தப் பட்டியலில் முதல் இடம் இந்தியாவுக்குத்தான். அடுத்த இடம் பிரேசில் நாட்டுக்கு.

அந்தக் கணக்கு மிகவும் அதிகம் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதே மாதம் மறுத்தது. போலித் தேடல் பக்கங்களுக்கு எத்தனை பேர் போனார்கள் என்பதை வைத்துத்தான் செக் பாயிண்ட் எண்ணியது. ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் சோதித்து எண்ணவில்லை. இதுதான் மைக்ரோசாஃப்ட் சொன்ன காரணம். எண்ணிக்கையில் இப்படிக் கருத்து வேறுபாடு இருந்தது. ஆனால் ஃபயர்பால் என்று ஒன்று இருந்தது என்பதிலும், அது செய்த வேலையிலும் சந்தேகம் இல்லை.

அது செய்த வேலை இதுதான். கம்ப்யூட்டரில் இருக்கும் இணைய உலாவியைப் பிடித்துக்கொண்டது. அதன் முதல் பக்கத்தை மாற்றியது. தேடும் இடத்தில் ஒரு போலித் தேடல் பக்கத்தை வைத்தது. அந்தப் பக்கம் தானாக எதையும் தேடாது. நீங்கள் கேட்டதை யாஹூவுக்கோ கூகுளுக்கோ அனுப்பிவிடும். நடுவில் நின்று உங்களைப் பற்றிய தகவலைச் சேர்த்துக்கொள்ளும். தரகர் போல அது வேலை செய்தது.

சீனாவின் பெய்ஜிங் நகரில் உள்ள ரஃபோடெக் என்ற விளம்பர நிறுவனம்தான் இதை நடத்தியது என்று செக் பாயிண்ட் சொன்னது. அந்த நிறுவனத்தைச் சேர்ந்த சிலரை அந்த நாட்டுப் போலீஸார் பின்னர் கைது செய்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஃபயர்பால் பூட்டை உடைத்து உள்ளே வரவில்லை. வேறொரு இலவசப் புரோகிராமோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மக்கள் அந்த இலவசப் புரோகிராமைத் தாங்களே இறக்கினார்கள். கூடவே இதுவும் இறங்கியது.

ஜெராக்ஸ் கடையில்

கச்சிபௌலியில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இருந்து வந்த ஒரு அக்கா அதை நடத்துகிறார். ஜெராக்ஸ், பிரிண்ட், லேமினேஷன், விண்ணப்பம் அனுப்புவது எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே கம்ப்யூட்டர்தான்.

ஒரு நாள் மாலை. கம்ப்யூட்டர் திரை முழுவதும் சிவப்பாக மாறியது. காதைப் பிளக்கும் சத்தம் வந்தது. "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்! உடனே இந்த எண்ணுக்குப் பேசவும்!" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அக்கா பதறிப்போய்ப் போனைக் கையில் எடுத்தார். பிரிண்ட் எடுக்க வந்த ஒரு கல்லூரி மாணவர் அதைப் பார்த்தார்.

"அக்கா, கொஞ்சம் இருங்க. யாருக்குப் போன் போடுறீங்க?"

"இதுல நம்பர் போட்டிருக்கே தம்பி. மைக்ரோசாஃப்ட்னு பேரும் இருக்கு. அவங்க ஆபீஸ் இங்கே பக்கத்துலதானே?"

"ஆபீஸ் இருக்கறது நிஜம்தான் அக்கா. ஆனா அவங்க எச்சரிக்கைச் செய்தியில போன் நம்பர் இருக்கவே இருக்காது. அவங்களே அப்படிச் சொல்லியிருக்காங்க. நம்பர் இருந்தா அது பொய்."

"போன் போட்டா என்ன ஆகும்?"

"நல்லாத்தான் பேசுவாங்க. மேடம், மேடம்னு கூப்பிடுவாங்க. ஒரு புரோகிராமை இறக்கச் சொல்வாங்க. அதை இறக்கிட்டா, எங்கேயோ உட்கார்ந்துகிட்டு உங்க கம்ப்யூட்டரை அவங்க ஓட்டலாம். அப்புறம் ரிப்பேர் பண்ணினோம்னு பணம் கேப்பாங்க."

"ஐயோ! பேங்க் வேலையும் இதுலதான் பாக்கறேன். வர்றவங்க ஆதார் கார்டு, மார்க் ஷீட் எல்லாம் இதுலதான் கிடக்கு."

"அதனாலதான் சொல்றேன். முதல்ல இதை மூடுவோம்."

மாணவர் அந்தச் சிவப்புப் பெட்டிக்குள் எதையும் தொடவில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினார். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பட்டியல் வந்தது. அதில் உலாவியின் பெயரைத் தேர்ந்தெடுத்து நிறுத்தினார். சத்தம் நின்றது. பிறகு கம்ப்யூட்டரில் உள்ள புரோகிராம்களின் பட்டியலைத் திறந்தார். எந்தத் தேதியில் எது வந்தது என்று வரிசையாகத் தெரிந்தது.

"அக்கா, போன ஞாயிற்றுக்கிழமை என்ன இறக்கினீங்க?"

"பி.டி.எஃப். மாத்தறதுக்கு ஒண்ணு இறக்கினேன். இலவசம்னு போட்டிருந்தது."

"அதே நாள்ல இன்னும் மூணு வந்திருக்கு, பாருங்க."

"நான் ஒண்ணுதானே கேட்டேன்?"

"நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு எத்தனை தடவை அமுக்கினீங்க?"

"அஞ்சாறு தடவை இருக்கும். எல்லாம் இங்கிலீஷ்ல இருந்தது. வேலை முடிஞ்சா போதும்னு அமுக்கிட்டே போனேன்."

"அந்த அஞ்சாறுல மூணு இடத்துல, இதையும் சேர்த்துப் போடலாமான்னு கேட்டிருப்பான். நீங்க சரின்னு சொல்லிட்டீங்க."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"எங்க அப்பாவும் இப்படித்தான் தம்பி. கடன் பத்திரத்துல என்ன எழுதியிருக்குன்னு தெரியாமலே கைநாட்டு வச்சார். நான் படிக்கக் கத்துக்கிட்டு, அதே தப்பைப் பண்ணியிருக்கேன்."

கைநாட்டும் சம்மதப் பொத்தானும்

அக்கா சொன்னது முக்கியமான பேச்சு. ஒரு காலத்தில் பத்திரத்தைப் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தார்கள். வாங்கியது 100 ரூபாய், பத்திரத்தில் இருந்தது 1,000 ரூபாய் என்றால், கேட்க வழியில்லை. "நீதானே கைநாட்டு வைத்தாய்?" என்று கடன் கொடுத்தவர் கேட்பார்.

கம்ப்யூட்டரிலும் ஒரு கைநாட்டு இருக்கிறது. அதுதான் சம்மதப் பொத்தான். அக்செப்ட், அக்ரீ, அலவ், நெக்ஸ்ட் என்று அதற்குப் பல பெயர்கள். அதை அழுத்தினால் "நான் படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்" என்று பொருள். விளம்பரப் புரோகிராம் செய்தவரும் பின்னால் அதைத்தான் சொல்வார். "நீங்கள்தானே சம்மதம் கொடுத்தீர்கள்?" என்பார்.

படித்த பட்டதாரிகளும் இதில் ஏமாறுகிறார்கள். அவர்களுக்குப் படிக்கத் தெரியும். ஆனால் அவசரத்தில் படிப்பதில்லை. படிக்கத் தெரிந்தும் படிக்காமல் அழுத்தினால், அதுவும் கைநாட்டுதான்.

திரையில் ஆங்கிலம் இருந்தால் என்ன செய்வது? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தமிழில் மாற்றிக்கொள்வது. விண்டோஸிலும் குரோம் உலாவியிலும் மொழி என்ற அமைப்பில் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். மற்றொன்று, தெரியாத வரிக்குச் சம்மதம் சொல்லாமல் நிறுத்துவது. தெரிந்தவர் வந்து படித்துச் சொல்லும்வரை காத்திருங்கள். ஒரு நாள் தாமதத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

நீக்குவது எப்படி?

விண்டோஸ் உள்ள கம்ப்யூட்டரில் கீழ்க்கண்டபடி செய்யலாம். ஒவ்வொரு படியாகச் செய்யுங்கள்.

படி 1. பெட்டிக்குள் எதையும் அழுத்தாதீர்கள். விளம்பரப் பெட்டியில் இருக்கும் பெருக்கல் குறிகூடப் போலியாக இருக்கலாம். உலாவியையே மூடுங்கள். மூட முடியாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி நிறுத்துங்கள். மீண்டும் உலாவியைத் திறக்கும்போது "பழைய பக்கங்களைத் திறக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

படி 2. வேலை முடியும்வரை அந்தக் கம்ப்யூட்டரில் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டாதீர்கள்.

படி 3. தேவை இல்லாத புரோகிராமை நீக்குங்கள். செட்டிங்ஸ் திறந்து, ஆப்ஸ் என்ற இடத்துக்குப் போங்கள். அங்கே புரோகிராம்களின் பட்டியல் இருக்கும். அதைத் தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாளில் எது எது வந்தது என்று பாருங்கள். நீங்கள் கேட்காததைத் தேர்ந்தெடுத்து, அன்இன்ஸ்டால் என்பதை அழுத்துங்கள். அழுத்தியதும் "நிஜமாகவே நீக்கவா?", "இதை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேள்விகள் வரலாம். அவற்றையும் படித்துப் பார்த்து அழுத்துங்கள். ஒரு பெயர் தெரியவில்லை என்பதற்காக மட்டும் நீக்கிவிடாதீர்கள். பிரிண்டருக்கும் ஒலிக்கும் தேவையான புரோகிராம்களும் அங்கே இருக்கும். சந்தேகம் வந்தால் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

படி 4. உலாவியில் ஒட்டியிருக்கும் இணைப்புகளை நீக்குங்கள். குரோமில் வலப்பக்க மூலையில் மூன்று புள்ளிகள் இருக்கும். அதில் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற இடத்தைத் திறங்கள். நீங்கள் சேர்க்காத இணைப்பு இருந்தால் ரிமூவ் என்பதை அழுத்துங்கள்.

படி 5. அறிவிப்பு அனுமதியைப் பாருங்கள். பல சமயம் விளம்பரம் வரும் வழி இதுதான். ஏதோ ஓர் இணையதளம் "அறிவிப்பு அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கும். நீங்கள் அலவ் கொடுத்திருப்பீர்கள். குரோமின் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, பிறகு சைட் செட்டிங்ஸ், பிறகு நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத தளங்களை நீக்குங்கள்.

படி 6. உலாவியைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். செட்டிங்ஸில் ரீசெட் செட்டிங்ஸ் என்று ஓர் இடம் உண்டு. அதை அழுத்தினால் முதல் பக்கமும் தேடல் பக்கமும் பழையபடி ஆகும். நீங்கள் குறித்து வைத்த பக்கங்களும், சேமித்த கடவுச்சொற்களும் அழியாது.

படி 7. முழுச் சோதனை செய்யுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற பாதுகாப்புப் புரோகிராம் கூடவே வருகிறது. அதற்குத் தனியாகப் பணம் இல்லை. விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடித் திறங்கள். வைரஸ் சோதனைப் பகுதியில் ஃபுல் ஸ்கேன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். கடையைச் சாத்தும் நேரத்தில் தொடங்கினால் நல்லது.

படி 8. கடவுச்சொற்களை மாற்றுங்கள். சுத்தம் செய்த பிறகு, அல்லது நம்பிக்கையான வேறொரு கருவியில் இருந்து, மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றிவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் தொல்லை போகவில்லையா? தேவையான கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு, விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டி வரும். அதை அனுபவம் உள்ள மெக்கானிக்கிடம் கொடுத்துச் செய்யலாம். கம்ப்யூட்டரைக் கொடுக்கும்போது வங்கிக் கடவுச்சொல்லை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

அரசின் உதவியும் உண்டு. 2017 பிப்ரவரி 21 அன்று மத்திய அரசு சைபர் ஸ்வச்தா கேந்திரம் என்ற மையத்தைத் தொடங்கியது. ஸ்வச்தா என்றால் தூய்மை. செர்ட்-இன் என்ற அரசு அமைப்பு இதை நடத்துகிறது. கெட்ட புரோகிராம்களை நீக்கும் கருவிகளை இதன் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இது அரசு இணையதளம். எனவே இதன் முகவரி 'ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என்.' என்று முடியும். அதைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே இறக்குங்கள்.

மீண்டும் வராமல் இருக்க

வீட்டைப் பெருக்கினால் போதாது. கதவையும் சாத்தி வைக்க வேண்டும்.

புரோகிராமை அதைச் செய்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருந்தே இறக்குங்கள். தேடும்போது முதலில் வரும் வரிகள் சில சமயம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரங்களாக இருக்கும். அவற்றின் மேல் அப்படிக் குறித்திருக்கும். அந்தக் குறிப்பைப் படியுங்கள்.

ஒரே பக்கத்தில் டவுன்லோடு என்று நாலைந்து பெரிய பொத்தான்கள் இருந்தால் சந்தேகப்படுங்கள். அவற்றில் பல, விளம்பரமாகவே இருக்கும்.

புரோகிராமைப் போடும்போது கஸ்டம் என்று ஒரு வழி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். என்ன என்ன உள்ளே வரப்போகிறது என்று அது காட்டும். ஏற்கனவே டிக் போட்டு வைத்திருக்கும் கட்டங்களைப் பாருங்கள். வேண்டாதவற்றில் டிக்கை எடுத்துவிடுங்கள். டிக்ளைன், ஸ்கிப் என்ற சொற்கள் சின்னதாக, மங்கலாக இருக்கும். தேடிப் பார்த்து அழுத்துங்கள்.

பணம் கொடுத்து வாங்க வேண்டிய புரோகிராம் இலவசமாகக் கிடைக்கிறது என்றால், அதன் விலையை வேறு வழியில் வாங்கிவிடுவார்கள். திருட்டுச் சினிமா காட்டும் தளங்களும் அப்படித்தான்.

கடையிலும் வீட்டிலும் பலர் ஒரே கம்ப்யூட்டரைத் தொடுவார்கள். விண்டோஸில் அவர்களுக்கு என்று ஒரு சாதாரணக் கணக்கைத் தனியாகத் தொடங்கிக் கொடுங்கள். அந்தக் கணக்கில் இருந்துகொண்டு, கம்ப்யூட்டர் முழுவதையும் மாற்றும் புரோகிராமைப் போட முயன்றால், உரிமையாளரின் கடவுச்சொல்லைக் கேட்கும். அந்தக் கடவுச்சொல்தான் வீட்டுச் சாவி. அதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் செக்யூரிட்டியில் தேவையற்ற புரோகிராம்களைத் தடுக்கும் வசதி ஒன்று உண்டு. ஆப் அண்ட் பிரௌசர் கண்ட்ரோல் என்ற பகுதியில் அது இருக்கும். அது ஓடுகிறதா என்று பாருங்கள்.

விண்டோஸையும் உலாவியையும் புதுப்பித்து வைத்திருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதன் பிறகு, நீட்டிப்புக்குத் தனியாகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அது கிடைக்கிறது. எனவே உங்கள் கம்ப்யூட்டரில் எந்த விண்டோஸ் இருக்கிறது என்று பாருங்கள்.

கைப்பேசிக்கும் இதே விதிதான். தெரியாதவர் அனுப்பும் ஆப்பைப் போடாதீர்கள். டார்ச் ஆப் ஒன்று உங்கள் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டால், "எதற்கு?" என்று யோசியுங்கள். வெளிச்சம் காட்ட எண்கள் எதற்கு?

சட்டம் என்ன சொல்கிறது?

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஆம் பிரிவு இருக்கிறது. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டருக்குள் கெட்ட புரோகிராமைப் புகுத்துவது தவறு என்று அது சொல்கிறது. ஏமாற்றும் எண்ணத்தோடு அதைச் செய்தால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. இணையத்தில் மக்களைக் குழப்பி ஏமாற்றும் 13 தந்திரங்களை அது பட்டியல் போட்டது. அவற்றைச் செய்யக் கூடாது என்று தடுத்தது. வைரஸ் வந்துவிட்டது என்று பயமுறுத்திப் போலி மருந்தை விற்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இப்படிப்பட்ட வியாபாரத் தந்திரங்களைப் பற்றி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

2023 அக்டோபரில் சி.பி.ஐ. பல மாநிலங்களில் 76 இடங்களில் சோதனை போட்டது. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதாகப் பொய் சொல்லி வெளிநாட்டவரை ஏமாற்றிய போலி அழைப்பு மையங்களும் அதில் சிக்கின. மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்கள் கொடுத்த புகாரின் பேரில் அந்த வழக்குகள் பதிவாயின.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் வேறு கணக்குக்குப் போவதற்குள் நிறுத்த முடியலாம். திரையில் வந்த செய்தியைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். எந்த எண்ணில் இருந்து பேசினார்கள், எத்தனை மணிக்குப் பணம் போனது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். புகார் கொடுக்கும்போது அது உதவும்.

நினைவில் கொள்ளுங்கள்

• திரையில் வரும் எச்சரிக்கையில் போன் எண் இருந்தால் பேசாதீர்கள்.
• புரியாத வரிக்குச் சம்மதம் கொடுக்காதீர்கள்.
• கேட்காமல் வந்ததைத் தேதி பார்த்து நீக்குங்கள்.
• அறிவிப்பு அனுமதி கேட்டால், தேவை இருந்தால் மட்டும் கொடுங்கள்.
• பணம் போனால் 1930.

சொல் அறிவோம்

உலாவி – இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் புரோகிராம். எடுத்துக்காட்டு: குரோம்.
இன்ஸ்டால் – புரோகிராமைக் கம்ப்யூட்டருக்குள் போடுவது.
அன்இன்ஸ்டால் – போட்டதை நீக்குவது.
அக்செப்ட் – ஒப்புக்கொள்கிறேன்.
டிக்ளைன் – எனக்கு வேண்டாம்.
அலவ் – அனுமதிக்கிறேன்.
பிளாக் – தடுக்கிறேன்.
ஸ்கிப் – இதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ.

யோசித்துப் பதில் சொல்லுங்கள்

1. விளம்பரப் புரோகிராம் புகுந்துவிட்டது என்பதற்கு மூன்று அடையாளங்களைச் சொல்லுங்கள்.
2. ஃபயர்பால் எப்படிக் கம்ப்யூட்டர்களுக்குள் வந்தது?
3. ஜெராக்ஸ் கடை அக்கா அந்த எண்ணுக்குப் பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அவருக்கு மட்டும்தான் நஷ்டமா? கடைக்கு வந்தவர்களுக்கும் நஷ்டம் உண்டா?
4. கைநாட்டுக்கும் சம்மதப் பொத்தானுக்கும் என்ன ஒற்றுமை?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டிலோ, வளர்கல்வி மையத்திலோ உள்ள கம்ப்யூட்டரைத் திறங்கள். அதில் இருக்கும் புரோகிராம்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் அது எதற்குப் பயன்படுகிறது என்று எழுதுங்கள். பயன் தெரியாதவற்றின் முன் ஒரு கேள்விக்குறி போடுங்கள். அந்தக் கேள்விக்குறிகளை அடுத்த வகுப்பில் எல்லாருமாகப் பேசித் தீருங்கள்.